காவலை உதறிவிட்டுப் போன தவிட்டுக்குருவி

குளத்தங்கரை வாகை மரத்தடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் வாழ்ந்தன. ஏழும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தின்பதில் ஒற்றுமை, கத்துவதில் ஒற்றுமை, சண்டை போடுவதில் அதைவிட ஒற்றுமை. அந்த ஏழில் ஒருத்திதான் கீச்சாயி. கதையை நீங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் கீச்சாயிக்குப் பொறுமை போய் ரொம்ப நாளாகிவிட்டது.

தவிட்டுக்குருவி தரையில் மேய்கிற பறவை. சருகைப் புரட்டினால்தான் அதற்குப் புழுவும் வண்டும் கிடைக்கும். சருகுக்குள் தலையை விட்டாலோ வானம் தெரியாது. எதிர்க்கரைப் பனைமரத்தில் ஒரு வல்லூறு குடியிருந்தது. தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் வயிறு காயும். பார்க்காமல் தின்றால் உயிர் போகும்.

அதனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு குருவிகள் கீழே மேயும்போது ஒன்று வாகை மரத்தின் உச்சியில் காவல் உட்காரும். சும்மா உட்காராது. "கிர்ர்... கிர்ர்..." என்று அடங்கின குரலில் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் இருக்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் தின்னுங்கள் என்று அதற்குப் பொருள். அந்தச் சத்தம் கேட்கிறவரை கீழே இருப்பவர்கள் தலை குனிந்து தின்னலாம். சத்தம் நின்றால் புதருக்குள் ஓட வேண்டும்.

யார் காவல் இருப்பது? முதலில் யாருக்கு வயிறு நிறைகிறதோ அவர் அலகை மரப்பட்டையில் துடைத்துவிட்டு மேலே ஏற வேண்டும். அதுவும் வழக்கம்தான். யார் போட்ட வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

நல்ல வழக்கம்தான். ஆனால் நம்ம ஆட்கள் லேசுப்பட்டவர்களா? வயிறு நிறைந்தால்தானே ஏற வேண்டும், நிறையவில்லை என்று இருந்துவிட்டால் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிட்டன. பொழுது சாய்ந்தாலும் ஒருத்தருக்கும் வயிறு நிறையாது. அலகில் புழுச்சாறு காய்ந்து பொருக்குத் தட்டினாலும் துடைக்க மாட்டார்கள். மூத்தவன் தொந்தியப்பன் இருக்கிறானே, அவன் நடக்கும்போது வயிறு தரையில் உரசும். அவனும் இன்னும் பசிக்கிறது என்பான்.

கீச்சாயிக்கு இந்தச் சூது வரவில்லை. நாலு வண்டு உள்ளே போனதும் அவள் கழுத்து தானாகத் திரும்பும், அலகு தானாகப் பட்டையில் உரசும். உடனே ஆறு பேரும் ஒரே குரலில், துடைச்சிட்டா, துடைச்சிட்டா, ஏறுடி மேலே என்பார்கள். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. காலையிலும் அவள்தான், மாலையிலும் அவள்தான். வெயில் மண்டையைப் பிளக்கும். காற்றில் கிளை ஆடும். கீழே ஆறு வால்கள் வானத்தைப் பார்க்க, ஆறு தலைகள் சருகுக்குள் கிடக்கும். ஒரு தலையாவது நிமிர்ந்து, இருக்கியா தங்கச்சி என்று கேட்காது.

தொந்தியப்பனைப் பார்த்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்களாவது முதலில் ஒரு பார்வை மேலே பார்த்துவிட்டுக் குனிவார்கள். அவன் அதுகூடச் செய்ய மாட்டான். அவள் முதல் "கிர்ர்" சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை சருகுக்குள் போயிருக்கும்.

ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் எல்லோரையும் கூட்டினாள். இந்தக் காவலை என் தலையில் கட்டியது யார் என்று கேட்டாள். அம்மா சொன்னாளா? அம்மா அப்படிச் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பாட்டன் பூட்டன் சொன்னானா? பாட்டனை யாரும் பார்த்ததே இல்லை. நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து சொல்கிறோம் என்றது ஒன்று. அப்படியானால் நான் என் ஒரு வாயால் மாட்டேன் என்கிறேன், என் வாய்க்கு மதிப்பில்லையா என்று கேட்டாள் கீச்சாயி. நீ எங்களோடு தின்கிறாயே, அதற்காகத்தான் என்றது இன்னொன்று. தின்பது நீங்கள், நான் எங்கே தின்றேன் என்று அவள் கத்தினாள். பேச்சு எங்கெங்கோ போனது. போன மழைக்காலத்தில் யாரோ யாருடைய மண்புழுவையோ பிடுங்கின கதைக்கு வந்து நின்றது.

கடைசியில் தொந்தியப்பன் கொட்டாவி விட்டான்.

"யாரும் சொல்லலை தங்கச்சி. அது அதுவா இருக்கு. இதுல என்ன இருக்கு பேச?"

"அதுவா இருக்குதுன்னா அதுவே ஏறிக் காவல் காக்கட்டும். நான் போறேன்."

அவ்வளவுதான். குளத்தைத் தாண்டி, கரையைத் தாண்டிப் பறந்து போய்விட்டாள்.

கரைக்கு அந்தப்பக்கம் ஒரு இலுப்பைத் தோப்பு. ஓரத்தில் சூரைமுள் புதர். ஆள் அரவம் இல்லை, அண்ணன் தம்பி தொல்லை இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சருகு. இனி நான் உண்டு, என் வயிறு உண்டு என்று இறங்கினாள்.

ஒரு வண்டைக் கொத்தினாள். வல்லூறு ஞாபகம் வந்தது, நிமிர்ந்து பார்த்தாள். வண்டு ஓடிவிட்டது. அடுத்ததைக் கொத்தினாள், மறுபடி நிமிர்ந்தாள். பாதி வயிறு நிறைவதற்குள் கழுத்து வலி கண்டுவிட்டது. சீ, என்ன பிழைப்பு இது என்று சலித்துக்கொண்டு இலுப்பை மரத்தின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தொண்டை அரித்தது. பழக்கதோஷம், வேறென்ன! "கிர்ர்... கிர்ர்..." என்று அவளை அறியாமலே சத்தம் வந்தது.

கீழே சூரைப்புதர் அசைந்தது. ஒரு கௌதாரி மெல்லத் தலையை நீட்டினாள். பின்னாலேயே மூன்று குஞ்சுகள் உருண்டு வந்தன. கௌதாரி ஒருமுறை மேலே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து சருகைக் கிளற ஆரம்பித்தாள்.

மறுநாள் ஓர் அணில் வந்தது. அதற்கு மறுநாள் நாலு மைனாக்கள். எல்லாம் அவள் சத்தம் கேட்டதும் வரும், குனியும், தின்னும். அவள் சத்தத்தை நிறுத்தினால் அத்தனையும் புதருக்குள் போய்ப் பட்டினியோடு உட்கார்ந்து கண்ணை மட்டும் காட்டும்.

கீச்சாயிக்கு அழுகையே வந்துவிட்டது. வேலியிலே போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக அல்லவா ஆகிவிட்டது! ஆறு பேரை விட்டு ஓடிவந்தால் இங்கே ஒன்பது பேர். நேராகக் கீழே பறந்துபோய்க் கௌதாரி முன்னால் நின்றாள். நான் உங்கள் காவல்காரி இல்லை, உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை, நீங்கள் யாரோ நான் யாரோ, இனம் வேறு, கூடு வேறு என்று படபடவென்று பொரிந்து தள்ளினாள்.

கௌதாரி பொறுமையாகக் கேட்டாள். நீ வாக்குக் கொடுக்கவில்லைதான் தாயி, நாங்களும் கேட்கவில்லைதான் என்று ஒப்புக்கொண்டாள். பாம்பும் கீரியும் குடியிருக்கிற காட்டில் மூன்று குஞ்சுகளை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஒருவாய் தின்று எத்தனையோ காலமாயிற்று என்றாள். உன் சத்தம் கேட்டது, குனிந்துவிட்டேன் என்றாள். கீச்சாயி முணுமுணுத்துக்கொண்டே மேலே போனாள்.

மூன்று குஞ்சுகளில் கடைக்குட்டிதான் அவளை அதிகம் படுத்தியது. மற்ற இரண்டும் தாயின் காலைச் சுற்றிக் கிடக்கும். இது மட்டும் இலுப்பை மரத்தின் அடியிலேயே வந்து நிற்கும். அண்ணாந்து பார்த்து, சித்தி, நான் இன்னைக்கு ஒரு கறையானைப் பிடிச்சேன் என்று கத்தும். சித்தி, இலை உனக்கு மேலேயிருந்து எப்படித் தெரியுது என்று கேட்கும்.

யாருடி உனக்குச் சித்தி என்று கீச்சாயி எரிந்து விழுவாள். நீ கௌதாரி, நான் தவிட்டுக்குருவி, எந்த ஊரில் இது உறவு என்று திட்டுவாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். மறுநாள் காலையில் மறுபடி சித்தி. கீச்சாயி திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் குஞ்சு வர நேரமானால் எங்கே அந்தச் சனியனைக் காணோம் என்று எட்டிப் பார்ப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. விடியுமுன் தனியாக இறங்கிக் கழுத்து வலிக்க வலிக்கக் கொஞ்சம் தின்பாள். பிறகு பகலெல்லாம் காவல். நீ கொஞ்சம் ஏறி உட்காரேன் என்று அணிலைக் கேட்டால், எனக்கு அந்தச் சத்தம் வராதே என்று அது வாலை ஆட்டிவிட்டுப் போகும். மைனாக்களைக் கேட்டால் நாங்கள் வந்து போகிறவர்கள் என்பார்கள். கீச்சாயி மெலிந்துபோனாள். மெலிய மெலியக் கோபம் மட்டும் கொழுத்தது.

அப்புறம் ஒரு கோடை மழை பெய்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் தோப்பில் ஈசல் புறப்பட்டது. அடேயப்பா! மண்ணில் எங்கே துளை தெரிந்தாலும் அங்கிருந்து பொலபொலவென்று ஈசல். பறவைக்கு அது கல்யாணச் சாப்பாடு. எல்லோரும் ஓடிவந்தார்கள். கௌதாரியும் குஞ்சுகளும் ஒரு துளை, மைனாக்கள் ஒரு துளை, அணிலுக்குக்கூட ஆசை வந்துவிட்டது.

மேலே உட்கார்ந்து "கிர்ர்... கிர்ர்..." சொன்னவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. ஒருத்தராவது நீ வந்து தின்னு என்கிறார்களா பார் என்று பார்த்தாள். ஒருத்தரும் நிமிரவில்லை. அப்போதுதான் அவள் மனதில் அந்த நினைப்பு வந்தது. இவர்களுக்கு வேண்டியது சத்தம்தானே? சத்தம் தொண்டையிலிருந்து வருகிறது. கண் எங்கே இருந்தால் இவர்களுக்கு என்ன? சத்தமும் கொடுப்பேன், ஈசலும் தின்பேன். நான் என்ன எழுதியா கொடுத்திருக்கிறேன்?

மரத்தின் பின்பக்கமாக மெல்ல இறங்கினாள். ஒரு துளையில் தலையை விட்டாள். ஈசல் நெய்யாக உள்ளே போனது. தின்றுகொண்டே "கிர்ர்..." என்றாள். இன்னும் நாலைந்து தின்றாள். மறுபடி "கிர்ர்..." என்றாள். தோப்பு முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. அவள் தலையும் குனிந்திருந்தது.

நிழல் ஒன்று தரையில் ஓடியது. விர்ரென்று காற்று அடித்தது. மைனாக்கள் கிறீச்சிட்டன. கீச்சாயி தலையைப் பிடுங்கி நிமிர்ந்தபோது வல்லூறு இலுப்பை மரத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் காலில் கடைக்குட்டி தொங்கியது.

மரத்தடியில்தான் பிடித்திருக்கிறது. சித்தியை ஏன் மேலே காணோம் என்று தேடி வந்திருக்கிறது போலும்.

கௌதாரி மற்ற இரண்டு குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். கீச்சாயி கிட்டே போனாள். நான் வாக்குக் கொடுக்கவில்லையே, நான் முதலிலேயே சொன்னேனே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அலகின் ஓரத்தில் ஈசல் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. கௌதாரி அதைப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டுச்சே, தாயி," என்றாள். "அதான் குனிஞ்சேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் விடிந்ததும் அவள் உச்சிக் கிளைக்குப் போனாள். நாலு திசையும் பார்த்தாள். கண்ணை இமைக்காமல் "கிர்ர்... கிர்ர்..." என்றாள். கௌதாரி புதரை விட்டு வந்தாள், ஆனால் குனியவில்லை. ஒரு கொத்து, ஒரு பார்வை. ஒரு கொத்து, ஒரு பார்வை. மைனாக்களும் அப்படியே. சத்தம் கேட்கிறது, ஒருத்தர் தலையும் தாழவில்லை. குஞ்சுகள் பசியில் கத்தின.

அணில் கிளை வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நீ கேட்டது கிடைத்துவிட்டதே என்றது. இப்போது யாரும் உன்னை நம்பி இல்லை, உனக்கு ஒரு கடமையும் இல்லை, தாராளமாக எங்கேயாவது பறந்து போகலாம் என்றது. குத்தலுக்குத்தான் சொன்னது. ஆனால் சொன்னது அத்தனையும் உண்மை.

கீச்சாயி போகவில்லை. போக முடியவில்லை. எந்தக் குனிந்த தலைகளைப் பார்த்து எரிச்சல் பட்டாளோ, அதில் ஒரே ஒரு தலை குனியாதா என்று இப்போது ஏங்கினாள். தொண்டை கட்டிப்போகும்வரை சத்தம் கொடுத்தாள். மரத்தடியை மட்டும் பார்க்க மாட்டாள்.

அப்படி ஒரு காலையில் கரையைத் தாண்டி ஒரு பறவை தாழப் பறந்து வந்தது. தொந்தியப்பன்! ஆனால் தொந்தியைக் காணோம். நெஞ்சு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இலுப்பை மரத்தடியில் வந்து இறங்கினான். மேலே "கிர்ர்..." என்று கீச்சாயியின் சத்தம் கேட்டது. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை, பாவி. அண்ணாந்து பார்க்கவும் இல்லை. அவள் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், தலையைச் சருகுக்குள் விட்டு மேய ஆரம்பித்துவிட்டான்.

கீச்சாயிக்கு அந்தப் பழைய எரிச்சல் அப்படியே பொங்கி வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. இந்த உலகத்தில் அவள் சத்தத்துக்கு இன்னும் ஒரு தலை குனிகிறது. கழுத்து வலிக்க எல்லாப் பக்கமும் பார்த்தாள். பனைமரத்தில் வல்லூறு இறக்கையை விரித்தது தெரிந்தது. அது கிளம்பும் முன்னாலேயே கீச்சாயி அலறினாள். தோப்பே கிடுகிடுத்தது. தொந்தியப்பன் ஒரே தாவலில் புதருக்குள் போனான். வல்லூறு வெறுங்காலோடு திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் மறுபடி "கிர்ர்..." என்றபோது, தொந்தியப்பன் ஒன்றுமே நடக்காதவன் போல வெளியே வந்து குனிந்தான்.

புதர் ஓரத்தில் நின்ற கௌதாரி அவனைப் பார்த்தாள். மேலே கீச்சாயியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். அம்மா குனிந்ததும் இரண்டு குஞ்சுகளும் குனிந்தன.

தின்றுகொண்டே தொந்தியப்பன் ஊர்க்கதை சொன்னான். அவள் போனபிறகு வாகை மரத்தில் யாரும் ஏறவில்லையாம். யார் ஏறுவது என்று தினமும் பேச்சாம், இன்னும் பேசி முடியவில்லையாம். பேசுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வானத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றதில் எல்லோரும் காய்ந்து கருவாடாகிவிட்டார்களாம். உன்னைக் கூட்டிப் போகத்தான் வந்தேன் என்றான்.

இங்கே தலைகள் குனிந்திருக்கின்றன, நான் எப்படி வருவது என்று கேட்டாள் கீச்சாயி. கடைக்குட்டியின் கதையையும் சொன்னாள். ஈசலையும் மறைக்காமல் சொன்னாள்.

தொந்தியப்பன் தின்பதை நிறுத்திவிட்டான். ஜென்மத்தில் முதல்முறையாக நிமிர்ந்து, உச்சிக் கிளையில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தான். என்ன நினைத்தானோ தெரியாது. அவன் வயிறு பாதிகூட நிறைந்திருக்காது. ஆனால் இலுப்பை மரத்துக்கு நடந்து போனான். அலகைப் பட்டையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகத் துடைத்தான். தத்தித் தத்தி மேலே ஏறினான்.

"நகரு," என்றான். "இறங்கிப் போய்த் தின்னு. நான் இருக்கேன்."

கீச்சாயி கீழே வந்தாள். "கிர்ர்... கிர்ர்..." என்று அண்ணனின் கட்டைக் குரல் மேலே கேட்டது. இவன் பார்ப்பானா, தூங்கிவிடுவானா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

கடமையை யாரும் நம் தலையில் கட்டுவதில்லை. நம்மை நம்பி ஒரு தலை குனிகிற அந்தக் கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது.